இறக்குவதை மட்டும் யோசித்தோம்

என் பெயர்ச் சீட்டு வந்தபோது நான் கை தட்டிவிட்டேன். வேதபாடக் கூட்டத்தில் யாரும் கை தட்டுவது கிடையாது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே "கொஞ்சம் அடக்கி வாசி" என்பது தெரிந்தது. அடக்கி வாசிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை மேலும் கீழுமாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். கீழ்ப் பகுதியில் நாங்கள். எங்கள் ஹாலில்தான் புதன்கிழமை சாயங்காலம் கூட்டம். வருகிறவர்கள் பத்துப் பேர் தேறுவார்கள். போதகர் கிடையாது. ஊறுகாய் பாட்டிலில் எல்லார் பெயரையும் சீட்டு எழுதிப் போட்டிருந்தோம். யார் பெயர் வருகிறதோ அவர்தான் அடுத்த வாரம் பாடம் நடத்த வேண்டும். பிரசங்கம் பண்ணக் கூடாது, கேள்விதான் கேட்கலாம். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அடுத்த புதனுக்குள் செய்யப்போகிற காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஜெபம் பண்ணுகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். அதை எல்லாரும் எப்படியும் செய்கிறோமே!

இந்தக் கடைசி விதிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பசித்தவனுக்குச் சோறு போடுவதைப் பற்றி வாசித்த வாரம், ஒருவர் மறுநாளே சப்பாத்தியும் கையுமாக பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். சத்துருவை நேசிப்பதைப் பற்றி வாசித்த வாரம், என் ஆபீஸ் மானேஜருக்கு நான் ஏழு நாள் சிரித்த முகத்தோடு டைப் அடித்துக் கொடுத்தேன். ஐயோ, அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் தாடை வலிக்கிறது.

எனக்கு வந்த பாடம், நான்கு நண்பர்கள் ஒரு வியாதிக்காரனைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு இயேசுவிடம் போகிற கதை. கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குவார்களே, அதேதான். ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து வண்ணம் அடித்த கதை என்பதால், யாரும் அதைத் திரும்பி வாசிக்கிற மாதிரி வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். பஸ்ஸில் வாசித்தேன், ஆபீஸில் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அந்த மனிதனின் விசுவாசத்தை அல்ல, தூக்கிக்கொண்டு வந்தவர்களின் விசுவாசத்தைத்தான் இயேசு கண்டார் என்ற இடம் வந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அடேயப்பா! ஒருவனால் முடியாதபோது இன்னொருவன் அவனுக்காக நம்பலாமா? இத்தனை வருஷம் கோயிலுக்குப் போய்வந்தும் இதை நான் கவனித்ததே இல்லை.

கவனித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மேல்வீட்டு அண்ணன்தான்.

அவர் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். ஆள் குறைப்பில் வெளியே வந்து, மனைவி மகளோடு எங்கள் மாடிக்குக் குடிவந்தார். வரும்போது பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறியவர்தான். நெஞ்சுக்குள் தங்கிவிட்ட கல்தூசி பிறகுதான் வேலையைக் காட்டியது. நாலடி நடந்தால் மூச்சு முட்டும். இருமல் வந்தால் நிற்காது. டாக்டர், "உட்கார வைத்து எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள், படி மட்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டார். மாடிக்கோ பின்பக்கம் ஒரே ஒரு இரும்புச் சுழல் படி. ஒரு ஆள் ஏறினால் எதிரே பூனைகூட இறங்க முடியாது. நாற்காலியோடு தூக்க இடமில்லை. முதுகில் சுமந்தால் நெஞ்சு அழுந்தி மூச்சு நின்றுவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணன் தரையை மிதிக்கவில்லை.

அவருடைய ஒரே மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று வாரத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்துப் போவது அப்பா. "இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று போதகர் கேட்கும்போது பதில் சொல்வதும் அப்பாதான். அண்ணனுக்குப் பதிலாகத் தாய்மாமனை நிறுத்துவதென்று முடிவு பண்ணியிருந்தார்கள். கல்யாணப் புடவையை என்னிடம் காட்ட வந்த அந்தப் பெண், மடிப்பைப் பிரிக்காமலேயே பையில் திருப்பி வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை என் பாடத்தைப் பொரிந்து தள்ளினேன். கேள்விதான் கேட்க வேண்டும் என்ற விதியைப் பாதி வழியிலேயே மறந்துவிட்டேன். கடைசியில், "அடுத்த புதனுக்குள் என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டுவிட்டு, யாரையும் யோசிக்கவிடாமல் நானே சொன்னேன்.

"மேல இருக்கிற அண்ணனைக் கல்யாணத்துக்கு இறக்க ஏற்பாடு பண்றோம். பால்கனி வழியா."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கயிறு என்றார் ஒருவர், ஏணி என்றார் இன்னொருவர், தீயணைப்பு வண்டிக்கு போன் போடலாம் என்றார் மூன்றாமவர். பீன்யாவில் மெஷின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் அதிகம் பேசாதவர். அவரே முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "எங்க கம்பெனில செயின் பிளாக்னு சங்கிலிக் கப்பி இருக்கு. லேத் மெஷினையே தூக்கும். கேட்டா குடுப்பாங்க" என்றார். கடைசி ஜெபத்தில் ஆமென் சொன்ன சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை வீட்டு ஓனரிடம் போனேன். கன்னடக்காரர், பக்கத்துத் தெருவில்தான் வீடு. பால்கனியின் மரத்தடுப்பை எடுத்தால்தான் நாற்காலி வெளியே வரும் என்றேன். மனிதர் பதறிவிட்டார்.

"பேடம்மா, பேடா! வேண்டாம்மா, அது எங்க அப்பா காலத்து தேக்கு."

"சார், எங்க வேதத்துல கூரையையே பிரிச்சிருக்காங்க" என்று முழுக் கதையையும் பாதி கன்னடத்தில், பாதி தமிழில் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரி, அந்த ஓனருக்குக் கூரையை யாரு ரிப்பேர் பண்ணிக் குடுத்தாங்க?" என்றார்.

நான் திருதிருவென்று விழித்தேன். "அது எழுதலை சார்."

"எழுதலையா? நல்லா இருக்கே! இங்க நீங்கதான் பண்ணிக் குடுக்கணும். வெட்டாம கழட்டுங்க. நானே வந்து நிப்பேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சனிக்கிழமை என் கணவர் செயின் பிளாக்கை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அவரும் நானும் கூட்டத்துக்காரர்கள் இரண்டு பேருமாக அந்தக் கனத்த இரும்பைச் சுமந்துகொண்டு சுழல் படியில் ஏறி, அண்ணன் கட்டிலுக்கு எதிரே வைத்தோம். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சங்கிலியைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, இன்னா நெனச்சினு கீறீங்க எல்லாரும்? மெஷின் எறக்கற சங்கிலில என்னை எறக்கப் போறீங்களா? நான் இன்னா மூட்டையா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதற்குள் இருமல் வந்துவிட்டது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவிக்கொண்டே, போய்விடும்படி எங்களுக்குக் கையைக் காட்டினார். இரும்பைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் படியிறங்கினோம். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவருக்காக ஊரையே புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறோம், இவர் வள்ளென்று விழுகிறாரே என்று கீழே வந்து பாத்திரங்களை டமார் டமாரென்று போட்டேன்.

என் கணவர்தான் மெதுவாகச் சொன்னார். "அவர் சொன்னது சரிதானே. நாம யாரும் கேக்கலையே."

அடுத்த புதன்கிழமை, அண்ணன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, கூட்டத்தை மாடிக்கே கொண்டுபோனோம். அந்தச் சின்ன அறையில் கட்டிலைச் சுற்றித் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சீட்டு எடுக்கவில்லை. அதே பாடத்தைத் திரும்பவும் வாசித்தோம். இந்த முறை அண்ணன் கேட்டார்.

"தூக்கினு வந்தானுங்க. கூரையப் பிச்சானுங்க. எறக்கினானுங்க. வர்றியாடான்னு அந்த ஆளை எவனாவது கேட்டதா எழுதிகீதா?"

எல்லாரும் பக்கங்களைப் புரட்டினோம். இதே கதை வருகிற மற்ற சுவிசேஷங்களையும் புரட்டிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. அந்த மனிதன் வாயே திறக்கவில்லை. இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் தூக்குகிற நான்கு பேராகவே இருந்து அதை வாசித்திருக்கிறோம். படுத்திருக்கிறவனாக ஒருவரும் வாசிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது பழைய கதை புதுசாகத் திறந்துகொண்டது. இதற்காகத்தானே புதன்கிழமை தவறாமல் உட்கார்ந்துகொண்டிருக்கிறோம்!

"சரி அண்ணா, இப்ப கேக்கறேன்" என்றேன். "கல்யாணத்துக்கு வர்றீங்களா?"

அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் நின்று எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னார்.

"படி ஒரு பக்கம் இருக்கட்டும் தங்கச்சி. கடைசியா கோயிலுக்கு வந்தப்ப திருவிருந்து அப்பம் குடுக்கற நேரத்துல இருமல் பிடிச்சிக்கிச்சு. முன்னாடி இருந்த ஒரு அம்மா திரும்பிப் பாத்தாங்க. அந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே கீது. எம்பொண்ணு கல்யாணத்துல, பாதிரியார் கேக்கற நேரத்துல, நான் லொக்கு லொக்குன்னு ஆரம்பிச்சா? ஊரே திரும்பிப் பாக்கும். அவ தலை குனிஞ்சி நிக்கணுமா?"

டீ ஆற்றுகிற சத்தம் நின்றது.

"நைனா" என்றாள் அந்தப் பெண். "நீ இருமினாத்தான் நீ வந்துகீறேன்னு எனக்குத் தெரியும். இத்தனை நாளா நான் தூங்கனது அந்தச் சத்தத்துலதான். நீ இல்லாத கோயில்ல எனக்கு மேளம் எதுக்கு, பாட்டு எதுக்கு?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன். அண்ணன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்தச் சங்கிலி வாணாம். எங்காளுங்களக் கூப்புடு" என்றார்.

அவருடைய ஆட்கள் என்றால், ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய நான்கு பேர். எல்லாரும் இப்போது பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்கள். நானும் அண்ணியும் மறுநாள் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த ரயில் வந்து நின்றதும் கதவு கதவாக ஆட்கள் கொட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் யாரைத் தேடுவது? அண்ணி பெஞ்சு மேலேயே ஏறி நின்று, ஒவ்வொருவரையும் பட்டப்பெயரால் கூப்பிட்டுக் கத்தினார். சாதுவான அண்ணிக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று பேர் கிடைத்தார்கள். நான்காவது ஆளுக்குக் கல்யாணத்தன்று டியூட்டி மாற்ற முடியவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேதத்தில் நான்கு பேர் ஆயிற்றே!

கல்யாண நாள் காலையில் வீட்டுக்கு முன்னால் தெருவே கூடிவிட்டது. தடுப்பைக் கழற்றி, மேலே உத்திரத்தில் கயிறு போட்டார்கள். என் கணவர் முதலில் அரிசி மூட்டையை இறக்கிப் பார்த்தார், அப்புறம் தானே தொங்கிப் பார்த்தார். அண்ணன் கோட்டு போட்டுக்கொண்டு கைவைத்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். "இது லூசு. மறுபடி போடு" என்று கூட்டாளிகளை விரட்டினார். கட்டிலில் கிடந்த ஆளைக் காணோம், ஷிப்டுக்கு இறங்குகிற ஆள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் மணி அடித்தால்தான் கூண்டை இறக்குவார்களாம். அதனால் நாற்காலியின் கையில் ஒரு சைக்கிள் பெல்லைக் கட்டச் சொன்னார்.

"பெல்லு அடிச்சா எறக்கு. மறுபடி அடிச்சா நிறுத்து. வேற எவன் பேச்சயும் கேக்காத. தங்கச்சி, முக்கியமா நீ கத்தாத."

மேலே இரண்டு பேர், கீழே கயிற்றில் ஒருவர். நான்காவது இடத்தில் யார் என்று எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார். "என் தேக்கைப் பாக்க வந்தேன். கையை சும்மா வச்சிருந்து என்ன பண்ண?" என்றார்.

பெல் அடித்தது. நாற்காலி பால்கனியை விட்டு வெளியே வந்தது. நான் வாயைக் கையால் அழுத்திக்கொண்டேன். பாதி வழியில் மறுபடியும் பெல். எல்லாம் நின்றது. அண்ணன் அந்தரத்தில் தொங்கினார்.

"இன்னாடா ஆச்சு?" என்று மேலேயிருந்து கத்தினார்கள்.

"ஒண்ணுல்ல" என்றார் அண்ணன். "இத்தனை வருசம் இருட்டுலயே தொங்கினேன். வெளிச்சத்துல தொங்கறது இதான் ஃபர்ஸ்ட்டு. இரு, பாத்துக்கறேன்."

தெருவே சிரித்தது. பெல் அடித்தது. கால் மண்ணில் பட்டபோது அடித்த கைதட்டலில் மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன.

கோயில் வாசலில் சக்கர நாற்காலி தயாராக இருந்தது. ஒரு கையை மகள் பிடித்திருக்க, என் கணவர் தள்ளிக்கொண்டு போனார். பீடத்துக்கு முன்னால் வந்ததும் அண்ணன் எழுந்து நின்றார். அது யாரும் எதிர்பார்க்காதது. போதகர் கேட்டார், இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று. அண்ணன் வாயைத் திறந்தார், இருமல் வந்தது.

சின்ன இருமல் இல்லை. குனிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினார். தாய்மாமன் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். அந்தப் பெண் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து நின்று, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாமனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள். போதகர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர் மாதிரி நின்றார். கோயிலில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. நான் எத்தனையோ ஆராதனைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சபை முழுவதும் ஒரு மனிதனுக்காகக் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் குடுக்கறேன்" என்றார் அண்ணன். "நான்தான் அவ நைனா." பின்வரிசை வரைக்கும் கேட்டது.

விருந்து முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பியான பிறகு, அண்ணனைக் காரில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார வைத்தோம். எல்லாரும் சுற்றி நின்றோம். அப்போது வீட்டு ஓனர் அண்ணாந்து பால்கனியைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஈக, இப்ப எப்படி ஏத்தறது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடவுளே! மூன்று வாரமாக வாசித்தோம், ஜெபித்தோம், சண்டை போட்டோம், முடிச்சுப் போட்டோம். இப்போது எப்படித் திரும்ப ஏற்றுவது என்று எங்களில் ஒருவர்கூட யோசித்திருக்கவில்லை. ஏனென்றால் வேதத்தில் அந்த மனிதன் குணமாகி, படுக்கையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடுகிறான்! கதை அங்கே முடிகிறது. நாங்களும் அங்கேயே முடித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணனும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கூட்டாளிகளில் ஒருவர் கயிற்றை எடுத்தார். "இழுத்துடலாம் அண்ணே, இன்னா இப்ப."

"இரு" என்றார் அண்ணன். முகம் வெளுத்துக் களைத்திருந்தது. "ஏத்திடலாம், ஏத்த முடியாம இல்ல. ஆனா இப்ப ஏறினா, அப்புறம் என்னை எறக்கறது பொட்டியிலதான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாடியில் தண்ணீர் ஏறாது, குடம் குடமாகச் சுமக்க வேண்டும். வெயில் காலத்தில் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். என் ஹால், கையகலமே இருந்தாலும் நான் ஆசை ஆசையாய் வளர்த்த ரோஜாத் தோட்டம், வாசலிலேயே வருகிற குழாய்! பொய் சொல்ல மாட்டேன், எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. ஒரு நிமிடம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து, துணிகளை வாரிக் கட்டிலில் போட ஆரம்பித்தேன். என் கணவர் மெத்தையைச் சுருட்டினார்.

"இன்னா தங்கச்சி பண்றே?" என்று வெளியேயிருந்து அண்ணன் கத்தினார்.

"நாங்க மேல போறோம், நீங்க கீழ வர்றீங்க" என்று நானும் கத்தினேன். அப்புறம் கையில் புடவைகளோடு வாசலுக்கு ஓடினேன். "வர்றீங்களா அண்ணா?"

அவர் இரண்டு கையையும் கூப்பினார். அண்ணிதான், "வர்றோம்மா" என்றார்.

மறுநாள் காலை முதல் குடத்தைச் சுமந்துகொண்டு சுழல் படியில் ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியது. இடுப்பிலிருந்த குடத்தைக் கம்பியில் முட்டுக்கொடுத்து நின்று கீழே பார்த்தேன். வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக கேட் தெரிந்தது. அண்ணன் அங்கே நாற்காலி போட்டு, செருப்பில்லாத காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, பால்காரரிடம் மகள் கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இருமல் வந்தது. நிறுத்தி, இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.